பாம்பின் எலியைக் குசினியிலிருந்து வெளியே எடுங்கள்

பிரித்தானியாவில் பிள்ளைகளுக்காக வீட்டில் பாம்பு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதற்காக ஒரு கோர்ன் பாம்பையோ ரோயல் பைதனையோ வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஊரில் பாம்பைக் கண்டதும் தடி தேடிய குடும்பத்தில் பிறந்த பிள்ளை, இங்கே அது தோல் கழற்றும் நாளைக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறது. அதில் எனக்கு உண்மையாகவே சந்தோசம். நானும் பல வருடங்களாகப் பாம்பு வளர்ப்பவள். பாம்பை வீட்டை விட்டு அனுப்புங்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஃப்ரீசரிலிருந்து எலியை எடுத்த நேரம் முதல் அது பாம்பின் வாய்க்குள் போகும் நேரம் வரை உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டும். அந்தச் சில மணி நேரத்தை நம்மில் பலர் பிள்ளையின் கையில் விட்டுவிட்டோம். அப்படி விட்டது சரியில்லை.

போன வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். ஃப்ரீசருக்குள் இறால் பையோடும் பரோட்டாப் பைக்கட்டோடும் எலிப் பையும் சேர்ந்து கிடக்கிறது. பாம்புக்குச் சாப்பாட்டு நாள் வந்ததும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே போய் ஒன்றை எடுக்கிறது. அதைத் தேத்தண்ணிக் கோப்பையில் போட்டு, கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, சிங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறது. அதே மேசையில் அம்மம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வந்து எலியின் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறது. தண்ணீரைச் சிங்கில் ஊற்றி, கோப்பையை ஒரு தடவை அலசி, மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்து வைத்தாயிற்று. பார்த்துக்கொண்டு நின்ற எவருக்கும் இதில் ஒரு பிழை தெரியவில்லை. எப்படித் தெரியும்? தொட்டி, விளக்கு, சூட்டுப் பாய், தெர்மோஸ்டாற் என்று ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்கம் சொன்ன கடைக்காரர், எலிப் பையை எடுத்துக் கொடுக்கும்போது காசை மட்டும் வாங்கிக்கொண்டார். எந்த அளவு எலி என்று கேட்டவர், அதை வீட்டில் எங்கே வைப்பீர்கள், எதில் இளக்குவீர்கள் என்று கேட்கவில்லை. இந்த மனத்தாங்கல் எனக்கு நீண்ட காலமாக உண்டு.

இதைப் பெரிதாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் 2015 முதல், ஊர்வனவற்றுக்குத் தீனியாக விற்கப்பட்ட உறைந்த சுண்டெலிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா என்ற கிருமியின் நோய்ப்பரவல் ஒன்று வருடக்கணக்கில் நீடித்தது. 850 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். நோயின் மூலம் லிதுவேனியாவிலிருந்து வந்த எலிகள்தான் என்று கண்டறிந்து, 2022 பெப்ரவரியில் அங்கிருந்து தீனி எலிகள் வருவதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அது முதல் தடவையும் இல்லை. 2008, 2009 காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த உறைந்த சுண்டெலிகளால் இங்கே இதே கிருமி பரவியது. அமெரிக்காவிலும் 2010-இல் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றதால், விற்ற எலிகள் திரும்பப் பெறப்பட்டன. 2014-இல் அங்கே மறுபடியும் அதே கதை.

கட்டுப்பாடு வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாட்டு எலிக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. சுகமாக ஓடித் திரியும் எலியின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கலாம். பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்க முடியாது. உறைய வைத்தால் செத்துவிடும் என்று நினைப்பதும் பிழை. மைனஸ் 18 பாகைக் குளிரில் அது பெருகாமல் கிடக்கும், அவ்வளவுதான். இளகிச் சூடேறும்போது மறுபடி பெருகத் தொடங்கும். அது மிக வசதியாகப் பெருகும் வெப்பம் நம் உடம்பின் வெப்பமான 37 பாகை. பாம்புக்குக் கொடுக்க எலியை எந்தச் சூட்டுக்குக் கொண்டுவருகிறோமோ, கிட்டத்தட்ட அதே சூடு.

இந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கோழியிலும் இதே கிருமி இருக்கிறது. ஆனால் கோழியை நாம் வேக வைக்கிறோம். உள்ளே 70 பாகையைத் தாண்டும்போது கிருமி செத்துவிடுகிறது. பாம்பின் எலியை வேக வைக்க முடியாது. வெந்த எலி பாம்புக்குச் சாப்பாடு ஆகாது. ஆகவே நீங்கள் எவ்வளவு கவனமாக இளக்கினாலும், எவ்வளவு சூடாக்கினாலும், கிருமி இருந்த எலி கிருமியோடுதான் பாம்பிடம் போகும். பாம்புக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பல பாம்புகளின் குடலில் அந்தக் கிருமி ஏற்கெனவே குடியிருக்கிறது. ஆபத்து வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கு. எலியைச் சுத்தமாக்க வழியில்லாதபோது நம்மால் முடிந்தது ஒன்றுதான்: நாம் சாப்பிடும் இடத்திலிருந்து அதை விலக்கி வைப்பது.

நமக்கு இது புதிய பாடம் இல்லை. மரக்கறிச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு என்று வைத்துப் புழங்கிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். வெள்ளிக்கிழமை மச்சக் கரண்டி தப்பித் தவறி மரக்கறிக்குள் விழுந்தால் கறியையே கொட்டிய அம்மாக்களின் பிள்ளைகள். அந்த ஒழுங்கை எலிக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், அறுபத்தைந்தைத் தாண்டிய அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால், கர்ப்பிணி இருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள ஒருவர் இருந்தால், இதை இரட்டிப்பாகக் கேளுங்கள். சுகதேகியான ஒருவருக்குச் சில நாள் காய்ச்சல், வயிற்றுக் குத்து, வயிற்றோட்டம் என்று வந்து போகும் நோய், இவர்களில் இரத்தத்துக்குள் புகுந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கொண்டுபோகலாம். நம் வீடுகளில் மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. பாம்பின் தொட்டி மேலே பிள்ளையின் அறையில் இருந்தாலும் நோய் கீழே குசினி வழியாக எல்லோருக்கும் வரும். எலியைத் தொடாத, பாம்பின் பக்கமே போகாத அம்மம்மாதான் முதலில் விழக்கூடும்.

பாம்புக்கும் இதில் ஒரு முறைப்பாடு இருக்கிறது. அதற்கு வாயில்லாததால் நான் சொல்கிறேன். கொதிதண்ணீர் ஊற்றிய எலியின் மேல்தோல் வெந்து, வயிறு வெடித்து, உள்ளே நடு உடம்பு மட்டும் இன்னும் கட்டியாக உறைந்தபடி இருக்கும். மைக்ரோவேவ் இன்னும் மோசம். அது சீராகச் சூடாக்காது. ஒரு பக்கம் கொதிக்க, இன்னொரு பக்கம் ஐஸ் இருக்கும். எலி உள்ளேயே வெடித்துச் சிதறுவதும் நடக்கும், அதே பெட்டியில் பிறகு நீங்கள் சோறு சூடாக்குவீர்கள். பாம்புக்கு மெல்லத் தெரியாது. முழுதாக விழுங்கும். அதற்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கவும் முடியாது; தொட்டியில் நீங்கள் வைத்த சூட்டை வைத்துத்தான் சமிபாடு நடக்க வேண்டும். நடுவில் உறைந்த எலி வயிற்றுக்குள் போனால் சமிபாடு தொடங்கும் முன் அது அழுகத் தொடங்குகிறது. இரண்டொரு நாளில் பாம்பு கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலம் தொண்டையை அரிக்கும், உடம்பின் நீர் குறையும். ஒரு தடவை கக்கிய பாம்புக்குப் பத்துப் பதினான்கு நாள் ஓய்வு கொடுத்து, பிறகு வழக்கத்தைவிடச் சிறிய எலியோடுதான் தொடங்க வேண்டும். அடுத்தடுத்துக் கக்கிச் செத்த சின்னப் பாம்புகள் உண்டு. அந்தப் பிள்ளை தன் பாம்புக்கு ஏதோ நோய் வந்தது என்று அழும்.

முறை கடினமில்லை, நேரம்தான் வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, முப்பது சென்றிமீற்றர் நீளமுள்ள ஒரு இடுக்கி, ஒரு சின்னத் தெர்மோமீற்றர், கொஞ்சம் கடதாசித் துவாய். இவை எலிக்கு மட்டும். வேறு எதற்கும் எடுக்கக்கூடாது, பாத்திரம் கழுவும் மெசினுக்குள் போகக்கூடாது. பெட்டியின் மூடியில் தடித்த எழுத்தில் ‘எலி’ என்று தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். அம்மம்மா எடுத்துப் பருப்புப் போட்டு வைத்துவிடக்கூடாது. வேலை நடக்கும் இடம் கராஜாக இருக்கட்டும், பின்கட்டாக இருக்கட்டும், பாம்பு இருக்கும் அறையிலேயே ஒரு மேசையாக இருக்கட்டும். குசினி வேண்டாம்.

எலியைப் பூட்டும் ஜிப்லொக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியே விட்டு, பெட்டியில் பச்சைத் தண்ணீருக்குள் வைத்து மூடிவிடுங்கள். பைக்குள் இருந்தால் எலியின் மணம் தண்ணீரோடு கழுவுப்பட்டுப் போகாது, ரோமமும் நனையாது. கண் திறக்காத பிங்கிக் குஞ்சுக்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம் போதும். வளர்ந்த சுண்டெலிக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம். 150, 200 கிராம் பெரிய எலி என்றால் மூன்று நான்கு மணி நேரம். மாரிகாலத்துக் கராஜில் இன்னும் கூடும். ரேடியேற்றருக்கு மேலே வைப்பதும் சூட்டுப் பாயில் வைப்பதும் குறுக்கு வழி. வெளிப்புறம் பழுதாகும்வரை உள்ளே இளகாது.

இளகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காதும் வாலும் கால்களும் முதலில் தொய்ந்துவிடும், பார்ப்பதற்கு எல்லாம் முடிந்ததுபோல இருக்கும். பையோடு சேர்த்து எலியைக் கையில் எடுத்து, பெருவிரலால் நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை மெதுவாக அமுக்கிக்கொண்டு வாருங்கள். விலாவுக்குக் கீழே, ஈரலும் இரைப்பையும் இருக்கும் இடத்தில்தான் ஐஸ் கடைசியாகப் போகும். அங்கே விரலுக்குக் கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் திரும்பத் தண்ணீருக்குள் வையுங்கள். முழுதும் ஒரே மென்மையாக மடங்கினால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்தது சூடு. இதைப் பாம்புக்குக் கொடுப்பதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும். பெட்டித் தண்ணீரை மாற்றி 40 முதல் 45 பாகை வரை சூடுள்ள தண்ணீர் விடுங்கள், தெர்மோமீற்றர் அதற்குத்தான். சுண்டெலிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், பெரிய எலிக்குக் கொஞ்சம் கூட. எலியின் மேல்பக்கம் 37, 38 பாகை வந்தால் போதும். கோர்ன் பாம்பு பெரும்பாலும் மணத்தை நம்பித்தான் வரும், அதற்கு இளஞ்சூடே போதும். ரோயல் பைதன் அப்படியில்லை. அதன் மேலுதட்டைக் கிட்டப் பாருங்கள், வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும். இரவில் உயிருள்ள இரையின் சூட்டை அது அந்தக் குழிகளால் உணர்கிறது. எலியின் சூடு ஆறிப்போனால் அது இரை என்றே பைதனுக்குப் படாது. “எங்கட பாம்பு சாப்பிடுதில்லை” என்று என்னிடம் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எலியின் தலை எவ்வளவு சூடாக இருந்தது என்றுதான். கொடுப்பதற்கு முன் பையோடு தலைப்பக்கத்தை மட்டும் இன்னும் சில நொடி சூட்டுத் தண்ணீரில் பிடித்தால் பல பைதன்கள் உடனே வரும்.

பிறகு பையிலிருந்து எடுத்து, ஈரம் இருந்தால் கடதாசித் துவாயால் ஒற்றி, இடுக்கியால் பிடித்துக் கொடுங்கள். ஈர எலியில் தொட்டிக்குள் கிடக்கும் மரச்சீவல் ஒட்டிப் பாம்பின் வாய்க்குள் போகும். கையால் கொடுக்கவே வேண்டாம். எலி மணமும் சூடும் உள்ள விரலைப் பாம்பு எலியென்றுதான் எடுக்கும், அதில் அதன் குற்றம் எதுவுமில்லை.

சாப்பிட்ட பாம்பை இரண்டு நாளாவது தூக்காமல் விடுங்கள். அது தொடாத எலியை மறுநாள் காலைக்கு மேல் தொட்டியில் வைக்காதீர்கள். திரும்ப உறைய வைப்பதும் கூடாது. இரண்டு பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள். ஒரு பவுண் எலிக்காகப் பார்க்க வேண்டாம். பெட்டித் தண்ணீர் கழிவறைக்குள் போகட்டும். பெட்டியையும் இடுக்கியையும் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, பிறகு கிருமிநாசினியால் துடையுங்கள். கடைசியாகக் கை: சவர்க்காரம் போட்டு இருபது நொடி. சானிற்றைசர் பூசிவிட்டேன் என்று பிள்ளை சொன்னால் ஏற்காதீர்கள்.

தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்க முடிந்தால் அதைப்போல நல்லது வேறில்லை. எல்லா வீட்டிலும் அதற்கு இடமும் இல்லை, காசும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் எலிப் பையை இன்னொரு பையில் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைத்து, ஃப்ரீசரின் ஆகக் கீழ்த் தட்டில் தனியாக வையுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, உயிரோடு ஒரு எலியைப் போட்டால் பாம்பு தானே பிடிக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள். தொட்டிக்குள் மூலையில் அகப்பட்ட எலி கடிக்கும். கண் போன பாம்புகளும் முதுகில் எலும்பு தெரியக் கடிபட்ட பாம்புகளும் மிருக வைத்தியர்களிடம் வருவது வழமை. எலிக்கும் அது கொடுமையான சாவு. உறைந்த எலி கொடுத்தால் இந்த இரண்டையும் தவிர்க்கலாம். பாம்பு சில வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் பதறாதீர்கள். வளர்ந்த ரோயல் பைதன் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சாப்பாட்டை மறுப்பது சாதாரணம். அதன் நிறையை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். நிறை இறங்கிக்கொண்டே போனால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பவை.

எலியை எடுப்பதும் இளக்குவதும் கழுவுவதும் இன்று முதல் பெரியவரின் வேலையாக இருக்கட்டும். பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும், நேரத்தைக் குறிக்கட்டும், தெர்மோமீற்றரை வாசித்துச் சொல்லட்டும். பதின்ம வயது வந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து காட்டிய பிறகு பொறுப்பைக் கொடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை அந்த நேரத்தில் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. பாம்பு பிள்ளையுடையது என்பதால் எலியும் பிள்ளையுடையது என்று கைகழுவ வேண்டாம். தந்தையரிடம் இதைக் குறிப்பாகக் கேட்கிறேன். பல வீடுகளில் பாம்பை வாங்கிக் கொடுத்தவர் அப்பா, குசினியில் அதன் விளைவோடு மல்லுக்கட்டுபவர் அம்மா.

கடையில் அடுத்த முறை எலி வாங்கும்போது, இதை எப்படி வைப்பது, எப்படி இளக்குவது என்று எழுதிய தாள் ஒன்று தாருங்கள் என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அச்சடித்து வைப்பார்கள்.

வீட்டில் எவருக்காவது காய்ச்சலோடு வயிற்றோட்டம் வந்து நீடித்தால், மலத்தில் இரத்தம் கண்டால், வைத்தியரிடம் போகும்போது அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே சொல்லுங்கள்: எங்கள் வீட்டில் பாம்பு இருக்கிறது, அதற்கு உறைந்த எலி கொடுக்கிறோம் என்று. சொல்ல வெட்கப்படாதீர்கள். அந்த ஒரு தகவல் தெரிந்தால்தான் எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
பாம்பு வளர்க்கும் ஒரு தாய்